பயோசென்சரின் நானோ ஆம்பியர்களை பட்டன் பேட்டரியில் அளப்பது எப்படி

குளுக்கோஸ் சென்சார் மாதிரி ஒன்றிலிருந்து வரும் கரண்டை அளக்க வேண்டும், அதுவும் பட்டன் பேட்டரியில் ஓட வேண்டும் என்றால் பலரும் முதலில் செய்வது, இருப்பதிலேயே குறைவாகக் கரண்ட் எடுக்கும் ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) எது என்று தேடுவதுதான். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: நீங்கள் பிரித்தறிய வேண்டிய மிகச் சிறிய கரண்ட் எவ்வளவு, அது சென்சாரிலிருந்து ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) வரை போவதற்குள் யார் யார் அதைத் திருடுவார்கள். இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் ஆப்-ஆம்ப் தானாகவே முடிவாகிவிடும், பல நேரங்களில் நீங்கள் பயந்ததைவிட சாதாரணமான ஒன்றாகவே இருக்கும்.

எலக்ட்ரோடின் மேல் என்சைமைப் பிடித்து வைத்து குளுக்கோஸை அளக்கலாம் என்று கிளார்க்கும் லயன்ஸும் 1962-ல் சொன்னார்கள். அடிப்படை இன்றும் அதேதான்: குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் வேலை செய்யும்போது ஹைட்ரஜன் பெராக்ஸைடு உருவாகும், அதை பிளாட்டினம் எலக்ட்ரோடில் சுமார் 0.6 வோல்ட் வைத்து ஆக்ஸிடைஸ் செய்தால் கரண்ட் வரும். விரலில் குத்திப் பார்க்கும் ஸ்ட்ரிப்பில் இது மைக்ரோ ஆம்பியர் கணக்கில் இருக்கும், அதைச் சாதாரண சர்க்யூட்டே அளந்துவிடும். தோலுக்கடியில் இருக்கும் ஊசி முனை சென்சாரில் சில நானோ ஆம்பியரிலிருந்து நூறு வரை. ஒரு நானோ ஆம்பியர் என்பது விநாடிக்கு சுமார் 624 கோடி எலக்ட்ரான். கேட்க நிறைய மாதிரி இருந்தாலும், சரியாகக் கழுவாத போர்டு ஒன்று இதை முழுசாக விழுங்கிவிடும்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். அளவு 1 முதல் 100 நானோ ஆம்பியர், பிரித்தறிய வேண்டியது 50 பைக்கோ ஆம்பியர் (ஆயிரம் பைக்கோ ஒரு நானோ), எலக்ட்ரோடின் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர், ஆயுள் 14 நாள், சப்ளை 3 வோல்ட் லித்தியம் பட்டன் செல்.

மூன்று எலக்ட்ரோடும் அவற்றின் வோல்டேஜும்

வொர்க்கிங், ரெஃபரன்ஸ், கவுன்டர் என்று மூன்று எலக்ட்ரோடு. ரெஃபரன்ஸ் வழியாகக் கரண்ட் போகக் கூடாது, அது வோல்டேஜைச் சொல்ல மட்டும்தான். கரண்ட் முழுக்க கவுன்டர் வழியாகப் போக வேண்டும். ஒரு ஆப்-ஆம்பின் பாசிட்டிவ் இன்புட்டில் நீங்கள் விரும்பும் வோல்டேஜ், நெகட்டிவ் இன்புட்டில் ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடு, அவுட்புட் கவுன்டருக்கு. ரெஃபரன்ஸ் சொன்ன வோல்டேஜில் நிற்கும் வரை அந்த ஆம்ப் கவுன்டரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இதுதான் பொட்டென்ஷியோஸ்டாட். இதற்கு மேல் இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

கரண்ட் கம்மிதானே, ரெஃபரன்ஸையும் கவுன்டரையும் ஒன்றாக்கி இரண்டு எலக்ட்ரோடில் முடித்துவிடலாமா என்று தோன்றும். ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் ஸ்ட்ரிப்புக்கு சரி. 14 நாள் ஓடும் சென்சாருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 நானோ ஆம்பியர் 14 நாள் ஓடினால் 0.12 கூலம், அது சுமார் 0.18 மில்லிகிராம் சில்வர் குளோரைடைத் தின்றுவிடும். ஊசி முனையில் பூசியிருப்பதே அந்த அளவுதான் என்றால், பாதி வழியில் உங்கள் ரெஃபரன்ஸ் நகரத் தொடங்கிவிடும்.

வோல்டேஜைப் பங்கு போடுவதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வொர்க்கிங் எலக்ட்ரோடு ரெஃபரன்ஸைவிட 0.6 வோல்ட் மேலே இருக்க வேண்டும். ஆக்ஸிடேஷன் நடக்கும்போது கவுன்டர் ரெஃபரன்ஸுக்குக் கீழே போகும், அளக்கும் ஆம்பின் அவுட்புட் வொர்க்கிங்குக்கு மேலே போகும். அதனால் இரண்டு பக்கமும் இடம் விட வேண்டும். பட்டன் செல் தீரும் சமயத்தில் 2.4 வோல்ட் வரை இறங்கும் என்று வைத்துக்கொண்டால், வொர்க்கிங்கை 1.2 வோல்ட்டிலும் ரெஃபரன்ஸை 0.6 வோல்ட்டிலும் நிறுத்துங்கள். கவுன்டர் கீழே இறங்க அரை வோல்ட்டுக்கு மேல் இடம் இருக்கும், மேலே 100 நானோ ஆம்பியருக்கு 1 வோல்ட் கிடைத்து அவுட்புட் 2.2 வோல்ட்டில் நிற்கும். பேட்டரி வோல்டேஜின் சரிபாதியை எடுத்து வொர்க்கிங்குக்குக் கொடுக்கும் வழக்கமான தந்திரம் இங்கே வேண்டாம். ஏன் என்பது அடுத்து வருகிறது.

இந்த 1.2 வோல்ட் ஒரு ரெஃபரன்ஸ் சிப்பிலிருந்து வரட்டும், 1 மைக்ரோ ஆம்பியர் அளவில் ஓடும் சிப்கள் கிடைக்கின்றன. அதிலிருந்து இரண்டு 1 மெகாஓம் ரெசிஸ்டர் போட்டு 0.6 எடுத்தால் செலவு 0.6 மைக்ரோ ஆம்பியர். பேட்டரியிலிருந்து நேராகப் பிரித்து எடுக்காதீர்கள். எலக்ட்ரோடு திரவத்தைத் தொடும் இடத்தில் ஒரு கெப்பாசிட்டர் தானாக உருவாகிறது, சதுர சென்டிமீட்டருக்குப் பத்து, இருபது மைக்ரோ ஃபாரட் அளவில். நம் 1 சதுர மில்லிமீட்டருக்கு 0.2 மைக்ரோ ஃபாரட் என்று வையுங்கள். இப்போது பயாஸ் வோல்டேஜ் (எலக்ட்ரோடுக்கு நாம் கொடுக்கும் வோல்டேஜ்) விநாடிக்கு 1 மில்லிவோல்ட் நகர்ந்தால், அதன் வழியாக 200 பைக்கோ ஆம்பியர் ஓடும். நாம் பிரித்தறிய நினைத்ததைப் போல நான்கு மடங்கு, அதில் குளுக்கோஸ் துளியும் இல்லை. ரேடியோ ஒரு தடவை ஆன் ஆனால் பட்டன் செல்லின் வோல்டேஜ் எவ்வளவு சரியும் என்று ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தவர்களுக்கு இதன் பயங்கரம் புரியும்.

கரண்டை வோல்டேஜாக்குவது

டிரான்ஸ்இம்பிடன்ஸ் ஆம்ப்: பாசிட்டிவ் இன்புட் 1.2 வோல்ட்டில், நெகட்டிவ் இன்புட் வொர்க்கிங் எலக்ட்ரோடில், அவுட்புட்டிலிருந்து நெகட்டிவ் இன்புட்டுக்கு 10 மெகாஓம் ரெசிஸ்டர், அதற்கு இணையாக 10 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர். 100 நானோ ஆம்பியர் பெருக்கல் 10 மெகாஓம் 1 வோல்ட். ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து 0.1 விநாடி டைம் கான்ஸ்டன்ட், அதாவது 1.6 ஹெர்ட்ஸ். குளுக்கோஸ் நிமிடக் கணக்கில்தான் மாறும், அதனால் இந்த வேகம் தாராளம். கெப்பாசிட்டரை விட்டுவிடலாமா என்று கேட்காதீர்கள், எலக்ட்ரோடின் 0.2 மைக்ரோ ஃபாரட் இன்புட்டில் தொங்கும்போது அது இல்லாமல் ஆம்ப் ஆடத் தொடங்கிவிடும். சி0ஜி வகை போடுங்கள். எக்ஸ்7ஆர் வகை செராமிக்கைத் தட்டினாலோ வளைத்தாலோ அதுவே வோல்டேஜ் உண்டாக்கும்.

ஆப்-ஆம்பை இப்போது தேர்ந்தெடுக்கலாம். ஏ.டி.ஏ.4530-1 என்று ஒரு அருமையான சிப் இருக்கிறது, இன்புட் பயாஸ் கரண்ட் (இன்புட் பின் தானே இழுக்கும் கரண்ட்) அதிகபட்சம் 20 ஃபெம்டோ ஆம்பியர் (ஆயிரம் ஃபெம்டோ ஒரு பைக்கோ), படித்தாலே ஆசை வரும். அது எடுக்கும் சப்ளை கரண்ட் 0.9 மில்லி ஆம்பியர். 14 நாளுக்கு 300 மில்லி ஆம்பியர்-மணி. சி.ஆர்.2032 செல்லில் மொத்தமே 220 சொச்சம்தான் இருக்கும், போதாததற்கு அந்தச் சிப்புக்கு 4.5 வோல்ட்டாவது சப்ளை வேண்டும். நமக்கு வேண்டிய 50 பைக்கோ ஆம்பியருக்கு, 0.1 பைக்கோ ஆம்பியர் பயாஸ் உள்ள, அரை மைக்ரோ ஆம்பியரில் ஓடும் எல்.பி.வி.811 போன்ற சிமாஸ் ஆப்-ஆம்ப் ஐந்நூறு மடங்கு நல்லது. ஒன்று மட்டும் கவனம்: இந்த பயாஸ் கரண்ட் 25 டிகிரியில் சொல்லப்படுவது, ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரட்டிப்பாகும். உடம்பு சூட்டில் சுமார் 2.3 மடங்கு, இன்னும் பரவாயில்லை.

நாய்ஸ் (சிக்னலோடு கலக்கும் தேவையற்ற ஆட்டம்) பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மைக்ரோ பவர் சர்க்யூட்டில் பலர் தடுமாறுவது இங்கேதான். 10 மெகாஓம் ரெசிஸ்டரின் வெப்ப நாய்ஸை கரண்டாகச் சொன்னால், ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்கு சுமார் 41 ஃபெம்டோ ஆம்பியர். எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாக வருவதால் உண்டாகும் ஷாட் நாய்ஸ், 1 நானோ ஆம்பியருக்கு 18 ஃபெம்டோ. இரண்டும் நமக்குத் தொந்தரவே இல்லை. தொந்தரவு ஆப்-ஆம்பின் வோல்டேஜ் நாய்ஸ். குறைந்த கரண்டில் ஓடும் ஆம்ப் எப்போதும் அதிக நாய்ஸ் உள்ளதாகத்தான் இருக்கும், ரூட் ஹெர்ட்ஸுக்கு 300 நானோவோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாய்ஸை ஆம்ப் அப்படியே வெளியே அனுப்பாது, இன்புட் கெப்பாசிட்டன்ஸையும் ஃபீட்பேக் கெப்பாசிட்டரையும் (அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்குப் போட்டது) வைத்துப் பெருக்கி அனுப்பும். 0.2 மைக்ரோவுக்கு எதிரே 10 நானோ, ஆக 21 மடங்கு, ரூட் ஹெர்ட்ஸுக்கு 6.3 மைக்ரோவோல்ட்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 10 நானோ ஃபாரட் போட்டுவிட்டோம், 1.6 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாம் வடிகட்டப்பட்டுவிடும் என்று நினைப்போம். சிக்னல் வடிகட்டப்படும், ஆம்பின் சொந்த நாய்ஸ் வடிகட்டப்படாது. அது 21 மடங்கிலேயே, ஆம்பின் வேகம் தீரும் வரை போகும். 8 கிலோஹெர்ட்ஸ் ஆம்புக்கு அது சுமார் 380 ஹெர்ட்ஸ். கூட்டிப் பார்த்தால் அவுட்புட்டில் 150 மைக்ரோவோல்ட், கரண்டாகச் சொன்னால் 15 பைக்கோ ஆம்பியர். ஆம்புக்கும் ஏடிசிக்கும் நடுவே ஒரு 100 கிலோஓம், 1 மைக்ரோ ஃபாரட் வடிகட்டியைப் போட்டால் இது 1 பைக்கோ ஆம்பியர் அளவுக்கு வந்துவிடும். இரண்டே பாகம், பேட்டரி செலவு ஏறக்குறைய பூஜ்யம். அந்த 1 மைக்ரோ ஃபாரட் இன்னொரு உபகாரமும் செய்கிறது: ஏடிசி சாம்பிள் எடுக்கும்போது உள்ளே இருக்கும் குட்டி கெப்பாசிட்டர் சட்டென்று சார்ஜைக் கேட்கும், நானோ பவர் ஆம்பால் அந்த வேகத்துக்குக் கொடுக்க முடியாது, இந்த 1 மைக்ரோ கொடுத்துவிடும். இதை 10 நானோவாகக் குறைத்தால் அளவீடு ஒவ்வொரு சாம்பிளிலும் சறுக்கும்.

வொர்க்கிங் எலக்ட்ரோடுக்கும் ஆம்புக்கும் நடுவே 10 கிலோஓம் ஒன்றைத் தொடராகப் போடலாம். 100 நானோ ஆம்பியரில் அது சாப்பிடுவது 1 மில்லிவோல்ட், அது கெமிஸ்ட்ரிக்குத் தெரியாது. ஆனால் 80 ஹெர்ட்ஸுக்கு மேல் எலக்ட்ரோடின் கெப்பாசிட்டன்ஸை ஆம்பிடமிருந்து மறைத்துவிடும், ஆம்ப் நிதானமாகும், ஸ்டாட்டிக்கிலிருந்தும் கொஞ்சம் பாதுகாப்பு.

அளக்க வேண்டியது பைக்கோ ஆம்பியரிலேயே இருந்தால் ரெசிஸ்டரை விட்டுவிட்டு இன்டகிரேட்டருக்கு (கரண்டைக் கெப்பாசிட்டரில் சேர்த்து அளக்கும் சர்க்யூட்) போங்கள். 10 பைக்கோ ஆம்பியர், 10 பைக்கோ ஃபாரட் கெப்பாசிட்டரை விநாடிக்கு 1 வோல்ட் ஏற்றும். ஜிகாஓம் ரெசிஸ்டரைத் தேடி அலைய வேண்டாம். பதிலாக ரீசெட் சுவிட்ச் சிந்தும் சார்ஜோடு மல்லுக்கட்ட வேண்டும், அது தனிக் கதை.

கசிவு

ஒரு ஆப்-ஆம்பின் பின்னுக்குப் பக்கத்துப் பின்னில் 3 வோல்ட் சப்ளை ஓடுகிறது, நம் பின் 1.2-ல் நிற்கிறது. வித்தியாசம் 1.8 வோல்ட். சுத்தமான, உலர்ந்த போர்டின் மேல்பரப்பு ஆயிரம் ஜிகாஓம் என்றால் கசிவு 1.8 பைக்கோ ஆம்பியர். ஃப்ளக்ஸ் (சோல்டர் ஒட்ட உதவும் பசை) மிச்சம் இருந்து ஈரப்பதமும் சேர்ந்து அது 1 ஜிகாஓமுக்கு இறங்கினால் 1.8 நானோ ஆம்பியர், நம் அளவின் அடிப்பகுதி மொத்தமும் போச்சு. "நோ-க்ளீன்" ஃப்ளக்ஸ் என்று லேபிளில் இருப்பதை இந்த வேலைக்கு நம்பாதீர்கள். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுக் கழுவி, டீஅயனைஸ்டு தண்ணீரில் அலசி, மிதமான சூட்டில் நன்றாக உலர்த்தி, அப்புறம் அந்தப் பகுதியை விரலால் தொடாமல் இருப்பது, இவ்வளவுதான்.

கார்டு ரிங் (கசிவைத் தடுக்கும் காவல் வளையம்) கட்டாயம். வொர்க்கிங் எலக்ட்ரோடின் கனெக்டர் முனை, ஆம்பின் நெகட்டிவ் பின், ஃபீட்பேக் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் இவற்றின் அந்தப் பக்க முனைகள், எல்லாவற்றையும் சுற்றி ஒரு செம்புக் கோடு. அதை 1.2 வோல்ட் ரெஃபரன்ஸில் கட்டுங்கள், கிரவுண்டில் அல்ல. கிரவுண்டில் கட்டினால் நீங்களே 1.2 வோல்ட் வித்தியாசத்தில் ஒரு கசிவுப் பாதையைப் போட்டுக் கொடுத்தது மாதிரி. 1.2-ல் இருந்தால் வெளியிலிருந்து வரும் கசிவு ரிங்கில் நின்றுவிடும், ரிங்குக்கும் நம் பின்னுக்கும் நடுவே இருப்பது ஆம்பின் ஆஃப்செட் (இரண்டு இன்புட்டுக்கும் நடுவே எஞ்சும் சின்ன வோல்டேஜ்) மட்டும். 1 மில்லிவோல்ட் ஆஃப்செட், அழுக்கான 1 ஜிகாஓம் என்றாலும் 1 பைக்கோ ஆம்பியர்தான். ரிங்கின் மேல் சோல்டர் மாஸ்க் (போர்டின் மேல் பூச்சு) வேண்டாம், மேல்பரப்புக் கசிவு மாஸ்க்கின் மேலாக ரிங்கைத் தாண்டிப் போய்விடும். போர்டின் அடிப்பக்கமும் வயா (போர்டைத் துளைத்துப் போகும் இணைப்பு) வழியாக அதே ரிங்கைப் போடுங்கள்.

ஸ்டாட்டிக் பாதுகாப்பு டயோடுதான் பலர் கண்ணில் படாமல் தப்பிக்கும் திருடன். சாதாரண டி.வி.எஸ் டயோடு நானோ ஆம்பியர் கணக்கில் கசியும், ஆயிரம் பார்ட் வாங்கினால் ஆயிரமும் வேறு வேறு அளவில். பி.ஏ.வி.199 மாதிரி குறைந்த கசிவு டயோடு வழக்கமாக 3 பைக்கோ ஆம்பியர் என்று சொல்லும், ஆனால் அதே டேட்டாஷீட்டில் அதிகபட்சம் 5 நானோ ஆம்பியர் என்றும் இருக்கும். டயோடைக் கிரவுண்டுக்குப் போடாமல் 1.2 வோல்ட் கோட்டுக்கு இரண்டு திசையிலும் போட்டால், அதன் குறுக்கே வோல்டேஜே இருக்காது, கசிவதற்குக் காரணமும் இருக்காது. இந்த ஒரு மாற்றத்துக்கு இணையாக எதையும் நான் பார்த்ததில்லை.

வயர் நீளமாக இருந்தால், அதை அசைக்கும்போது இன்சுலேஷன் உரசி உண்டாகும் சார்ஜ் பைக்கோ ஆம்பியர்களாகத் தெரியும். வயரே இல்லாமல் சென்சார் முனையை நேராக போர்டில் சேர்ப்பதுதான் நல்லது.

பவர் எங்கே மிச்சமாகும்

பேட்டரியை மிச்சப்படுத்த எலக்ட்ரோடின் பயாஸை அணைத்து அணைத்துப் போடலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறை 0.6 வோல்ட் போடும்போதும் அந்த 0.2 மைக்ரோ ஃபாரட் 0.12 மைக்ரோ கூலம் கேட்கும், 1 நானோ ஆம்பியர் சிக்னல் இரண்டு நிமிடம் ஓடினால் சேரும் சார்ஜ் அது. அதன் பிறகு எலக்ட்ரோடின் அருகே இருக்கும் பொருள் தீர்ந்து கரண்ட் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மெதுவாக இறங்கும், பிளாட்டினத்தின் மேல்பரப்பு நிலைக்கு வர இன்னும் நேரம் பிடிக்கும். பொட்டென்ஷியோஸ்டாட்டும் ரெஃபரன்ஸ் சிப்பும் டிரான்ஸ்இம்பிடன்ஸ் ஆம்பும் 24 மணி நேரமும் ஓடட்டும். தூங்க வேண்டியது மைக்ரோகன்ட்ரோலர், ஏடிசி, ரேடியோ மூன்றும்தான்.

கூட்டிப் பாருங்கள். ரெஃபரன்ஸ் சிப் 1, அதிலிருந்து 0.6 வோல்ட் எடுக்கும் ரெசிஸ்டர்கள் 0.6, இரண்டு ஆம்பும் சேர்ந்து 1, மைக்ரோகன்ட்ரோலர் தூக்கத்தில் 1 மைக்ரோ ஆம்பியர். 10 விநாடிக்கு ஒரு முறை 5 மில்லிவிநாடி விழித்து 3 மில்லி ஆம்பியர் எடுத்தால் சராசரி 1.5. நிமிடத்துக்கு ஒரு முறை ரேடியோ 3 மில்லிவிநாடி, 10 மில்லி ஆம்பியர், அது 0.5. மொத்தம் 5.6 மைக்ரோ ஆம்பியர். 14 நாளுக்கு 2 மில்லி ஆம்பியர்-மணி கூட ஆகவில்லை. இதற்கு மேலும் ஆப்-ஆம்பில் கால் மைக்ரோவைக் குறைக்க மண்டையை உடைத்துக்கொள்வதில் அர்த்தமே இல்லை, மாறாக கொஞ்சம் அதிகமாகச் செலவழித்து நாய்ஸ் குறைந்த ஆம்பை வாங்கலாம்.

நிஜமான எதிரி அலமாரி. டப்பாவில் ஒரு வருடம் சும்மா இருக்கும்போது 1 மைக்ரோ ஆம்பியர் போனால் 8.8 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது பயன்பாட்டில் செலவாவதைப் போல நான்கு மடங்குக்கு மேல். தூக்க மோடை நம்பாமல் பேட்டரியையே துண்டியுங்கள்: இழுத்து எடுக்கும் பிளாஸ்டிக் நாடா, இல்லையென்றால் டப்பாவில் காந்தமும் போர்டில் அது விலகினால் ஆன் ஆகும் சுவிட்சும்.

ரேடியோவின் திடீர்ப் பசிக்குப் பேட்டரியோடு 100 மைக்ரோ ஃபாரட் வேண்டும். டான்டலம் போட்டுவிடாதீர்கள், அந்த அளவுக்கு அதன் டேட்டாஷீட் கசிவே சில மைக்ரோ ஆம்பியர் வரும், உங்கள் மொத்த சர்க்யூட்டைவிட அதிகம். செராமிக்குகளைச் சேர்த்துப் போடுங்கள். அளந்து முடித்த பிறகு ரேடியோ பேசட்டும், பேசிக்கொண்டே அளக்க வேண்டாம். மெயின்ஸ் தொந்தரவுக்கு, இரண்டு 1.6 ஹெர்ட்ஸ் வடிகட்டிகளே 50 ஹெர்ட்ஸை சுமார் ஆயிரத்தில் ஒரு பங்காக்கிவிடும். போதவில்லை என்றால் 10 மில்லிவிநாடி இடைவெளியில் 10 சாம்பிள் எடுத்துச் சராசரி பாருங்கள், 100 மில்லிவிநாடியில் 50, 60 இரண்டும் முழுச் சுற்றாக முடியும். நடுவில் மைக்ரோகன்ட்ரோலர் தூங்க வேண்டும், 100 மில்லிவிநாடியும் விழித்திருந்தால் அது மட்டுமே 30 மைக்ரோ ஆம்பியர்.

எல்லாவற்றையும் நீங்களே கட்ட வேண்டும் என்றில்லை. எல்.எம்.பி.91000, ஏ.டி.5940 மாதிரி சிப்களில் பொட்டென்ஷியோஸ்டாட் உள்ளேயே இருக்கிறது. முந்தையதன் உள் ரெசிஸ்டர்கள் மைக்ரோ ஆம்பியருக்கானவை, நானோவுக்கு வெளியே பெரிய ரெசிஸ்டர் போட வேண்டும். பின்னதில் ஏடிசியும் இம்பிடன்ஸ் அளக்கும் வசதியும் உண்டு, எலக்ட்ரோடு கெட்டுவிட்டதா என்று பார்க்க அது உதவும். ஆனால் கார்டு ரிங்கையும் கழுவுவதையும் எந்தச் சிப்பும் உங்களுக்காகச் செய்யாது.

சோதிப்பது

முதல் நாளே சென்சாரை மாட்டாதீர்கள். போலி செல் ஒன்று செய்யுங்கள்: கவுன்டரையும் ரெஃபரன்ஸையும் ஒன்றாகச் சேர்த்து, அங்கிருந்து வொர்க்கிங்குக்கு 1 கிலோஓம் தொடரில், 6 மெகாஓமும் 0.2 மைக்ரோ ஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டரும் இணையாக. 0.6 வோல்ட்டுக்கு 100 நானோ ஆம்பியர் ஓட வேண்டும். அவுட்புட்டில் 2.2 வோல்ட் வந்தால் சரி. 6 மெகாஓமை 100 மெகாஓமாக மாற்றினால் 6 நானோ ஆம்பியர், அவுட்புட் 1.26 வோல்ட்.

மல்டிமீட்டரை அவுட்புட்டில் மட்டும் வையுங்கள், அதுவும் வடிகட்டிக்கு முன்னால். அதன் உள் ரெசிஸ்டன்ஸ் பெரும்பாலும் 10 மெகாஓம். ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடில் வைத்துப் பார்த்தால் 0.6 வோல்ட்டில் 60 நானோ ஆம்பியரை மீட்டரே இழுக்கும், வொர்க்கிங்கில் வைத்தால் 120. பிரச்சினை இல்லாத சர்க்யூட்டில் பிரச்சினையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து வொர்க்கிங் முனையைத் திறந்து விட்டு, உலோக டப்பாவால் மூடி, ஒரு இரவு முழுக்க பூஜ்யத்தைப் பதிவு செய்யுங்கள், கூடவே வெப்பநிலையையும். காலையில் பூஜ்யம் வெப்பநிலையோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அது ஆம்ப் அல்லது டயோடு. ஈரப்பதத்தோடு நகர்ந்தால், அல்லது டப்பாவைத் திறந்து போர்டின் மேல் லேசாக ஊதியதும் எகிறிவிட்டு நிமிடக் கணக்கில் மெதுவாக இறங்கினால், போர்டு அழுக்கு, மறுபடி கழுவுங்கள். பூஜ்யம் 10 பைக்கோ ஆம்பியருக்குள் நின்ற பிறகு உப்புக் கரைசலில் சென்சாரை நனைத்து, பயாஸ் போட்டு, சில மணி நேரம் அடங்கவிட்டு, அப்புறம் குளுக்கோஸைச் சேருங்கள். உடம்பில் ஒட்டிப் பார்க்கும் கட்டம் வந்தால் பேட்டரியில் மட்டும் ஓட்டி, ரேடியோ வழியாகத் தரவை எடுங்கள். சுவரில் சொருகிய லேப்டாப்போடு யு.எஸ்.பி வயரால் இணைந்த போர்டு எதுவும் உடம்பைத் தொடக் கூடாது.